இரண்டாம் ஆட்டக்காரர் தொடர்கிறார்

என் தங்கை பாண்டியம்மாளின் கையைப் பிடித்து, அப்படியே என் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட அருமை மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

முதலில் ஒரு திருத்தம். தாங்கள் எங்களை விட்டுச் சென்றது ஐப்பசி பத்தாம் தேதி, திங்கட்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். உங்கள் அண்ணன் அச்சடித்து, பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் கோயில் வாசல் வரை ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. செவ்வாய் அடக்கம் செய்த நாள். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கறுப்பு மைப்பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு, என் கைக்கு எட்டிய சுவரொட்டிகளில் எல்லாம் திங்கள் என்று திருத்திவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார். "ஏன் சார், செத்தவரு போஸ்டர்ல போயிக் கிறுக்குறீங்க?"

"கிறுக்கவில்லை. திருத்துகிறேன்."

"போன பெறகு திங்களா இருந்தா என்ன, செவ்வாயா இருந்தா என்ன சார்?"

திருமங்கலம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? வாழாத ஒரு நாளை ஒரு மனிதருக்கு எழுதிவைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அது சொந்த அண்ணனாகவே இருந்தாலும் சரி. பிறகு உங்கள் அண்ணனிடமும் அப்படியேதான் சொன்னேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியது அன்றுதான். ஆனால் சண்டை அதற்காக அல்ல. சண்டை உங்கள் பொத்தானுக்காக.

இதை உங்களுக்கு எழுதி, நம் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஆட்டம் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் தங்களுக்குத் தெரிந்ததையே இரண்டு வரி எழுத நேர்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை தங்கள் குணம் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

சங்கக் கூடத்துத் தொலைக்காட்சியில், கேம் சென்டர் நடத்தும் பாலா ஞாயிறு மாலைகளில் இணைத்துத் தரும் அந்த வினாடி வினா விளையாட்டு. திரையில் தலைப்பாகையும் கோட்டும் அணிந்த பொம்மை ஒன்று வந்து கேள்வி கேட்கும். ஆளுக்கு ஒரு கைக்கருவி, அதில் பெரிய சிவப்புப் பொத்தான். இரட்டையர் ஆட்டத்தில் இரண்டாம் ஆட்டக்காரர் பொத்தானை முந்தி அமுக்கவேண்டும். முதலாம் ஆட்டக்காரர் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தாங்கள் இரண்டாமவர். நான் முதலாமவன். யார் யாருக்கு எந்த வேலை என்று நாம் பேசி முடிவு செய்யவே இல்லை. திருமங்கலம் பேருந்தில் வாழ்நாள் முழுக்க ஹாரன் அடித்த கை உங்களுடையது. ஒரு தேதியை மூன்று முறை சரிபார்க்காமல் முத்திரை வைக்காத கை என்னுடையது.

பொத்தானை அமுக்கும்போது எழும் ஒலியை அவரவர் குரலிலேயே பதிந்துகொள்ளலாம் என்று பாலா சொன்னான். ஒருவர் விசில் அடித்து வைத்தார். ஒருவர் சேவல் கூவி வைத்தார். தாங்கள் கைக்கருவியை வாயருகே கொண்டுபோய், பேருந்து நிலையத்தில் ஆள் ஏற்றும் தொண்டையில் பதிந்தீர்கள்:

"எங்க மச்சான் சொல்லுவாரு!"

அன்றிலிருந்து என் மானம் காற்றில் பறந்தது. பொம்மை வாயைத் திறந்து "எந்த..." என்று தொடங்கும் முன்பே உங்கள் பெருவிரல் இறங்கிவிடும். "எங்க மச்சான் சொல்லுவாரு!" எதைச் சொல்வது? கேள்வியே இன்னும் வரவில்லையே!

"கேள்வி முழுதும் வரட்டுமே மாப்பிள்ளை. என்ன அவசரம்?"

"முழுசா வந்தா எல்லாப் பயலுந்தான் அமுக்குவாய்ங்க மச்சான். முந்துறவனுக்குத்தான் ரோடு."

"விடை தெரியாவிட்டால்?"

"ஒங்களுக்கா? போங்க மச்சான், வெளாடாதீங்க."

திரைப்படம் குறித்த கேள்வி வந்து நாம் மண்ணைக் கவ்விய மாலைகள் உண்டு. அப்போதும் தாங்கள் என்னைக் குறை சொன்னதில்லை. கேள்வியைத்தான் குறை சொன்னீர்கள். தெரியுமா தெரியாதா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் என்னை நம்பியவர் இந்த உலகில் தாங்கள் ஒருவர்தான். அந்த நம்பிக்கை எவ்வளவு தொந்தரவானது என்று தங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் வந்த ஞாயிறு, ஐப்பசியின் கடைசி நாள், கூடத்துக்குப் போனேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் உங்கள் கைக்கருவியை வைத்தேன். பாலா ஆட்டத்தைத் தொடங்கியதும் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. நெடுநாள் பயன்படாத கருவிகளுக்கு அது வருமாம்.

"இரண்டாம் ஆட்டக்காரர் தொடர்கிறாரா? ஆம். இல்லை."

பாலா என் காதருகே குனிந்தான். "சார், இல்லைன்னு குடுத்தீங்கன்னா அவரு பேரு, பாயிண்டு, பதிஞ்சு வச்ச கொரலு எல்லாம் அழிஞ்சுரும். திரும்ப எடுக்க முடியாது. ஒண்ணும் அமுக்காம விட்டீங்கன்னா டைம் முடிஞ்சு அதுவே ஆம்னு எடுத்துக்கும். சும்மா இருந்துருங்க சார்."

சும்மா இருப்பதா? மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பொம்மைக்கு இருக்கலாம். பதிவு அலுவலகத்தில் அப்படி ஒரு பத்திரமும் பதிவானதில்லை. உங்கள் கருவியை எடுத்தேன். "ஆம்" என்று அமுக்கினேன். ஓங்கியே அமுக்கினேன்.

அடுத்த கணம் கூடம் முழுக்க உங்கள் குரல்.

"எங்க மச்சான் சொல்லுவாரு!"

யாரோ ஒருவரின் தேநீர்க் குவளை உருண்ட சத்தம் கேட்டது. பின்வரிசையில் உங்கள் அண்ணன் எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே போய்விட்டார். நான் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். இடக்கையால் உங்கள் பொத்தான், வலக்கையால் என் விடை. கடைசி இடம் கிடைத்தது. என் இடக்கைக்கு உங்கள் வேகம் இல்லை, மாப்பிள்ளை. அது கேள்வி முடியும்வரை காத்திருக்கிறது. ஒரே உடம்பில் அல்லவா இருக்கிறது, அதற்கும் என் புத்திதான்.

மறுநாள் காலை உங்கள் அண்ணன், என்னோடு பேசுவதில்லை என்பதையும் மறந்து, உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பாண்டியம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் அடுக்களையில் இருந்தாள்.

"ஏன்யா ரிஜிஸ்டர் ஆபீசு, செத்தவன் கொரல வச்சா வெளாடுவ? கேத வீட்டு ஈரம் இன்னும் காயல."

"அது அவருடைய இடம். அதைக் காலி செய்ய எனக்கு உரிமை இல்லை."

"போஸ்டர்ல செத்த கெழமைய ஊரு பூராத் திருத்துனவன் நீ. மிசினுல மட்டும் அவன் தொடருறான்னு அமுக்குவியோ? இது எந்த ஊரு நியாயம்?"

நியாயமான கேள்வி என்பதை மறுக்க மாட்டேன். பதிலும் நியாயமாகவே சொன்னேன். இறப்பு, மாநகராட்சிப் பதிவேட்டில் சரியான தேதியோடு இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆட்டத்தில் என் மாப்பிள்ளையின் வேலை இரண்டுதான். முந்துவது, என்னை மாட்டிவிடுவது. அவருடைய குரல் நேற்றும் என்னை மாட்டிவிட்டது. வேலையைச் செய்கிறவரை வேலையிலிருந்து எப்படி நீக்குவது?

"பேச்சப் பாரு பேச்ச! இந்தச் சத்தத்த அந்தப் புள்ள கேட்டா அது மனசு தாங்குமாய்யா? அதுக்காகவாச்சும் எடுத்து விடு."

"அவள் மனம் எதைத் தாங்கும் என்று அண்ணனாகிய எனக்குத் தெரியும்."

"எந்தம்பி பொண்டாட்டி, எனக்குத் தெரியாதா?"

அடுக்களையில் பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது. இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் சங்கத்தின் செயலாளர் அல்லவா? கார்த்திகை பிறந்ததும் பலகையில் அறிவிப்பு ஏறிவிட்டது. காணும் பொங்கல் போட்டி முடிந்ததும் மறைந்த உறுப்பினரின் பெயரும் குரலும் விளையாட்டிலிருந்து நீக்கப்படும் என்று. அதில் நாள் மட்டும் போட்டிருந்தார், மாதம் போடவில்லை. அதையும் எழுத்து மூலம் சுட்டிக்காட்டினேன். 

பாலாவும் தன் பங்குக்கு வந்தான். "சார், ஒத்தையாளு ஆட்டத்துக்கு மாறிருங்க. நீங்களே அமுக்கி நீங்களே சொல்லலாம். ஒங்க தலைக்கு நீங்கதான் சார் ஃபர்ஸ்ட்டு." எனக்கு முதல் இடம் வேண்டுமென்று யார் சொன்னது? முந்துகிற பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது? மார்கழி முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் இடக்கையும் வலக்கையுமாக ஆடினேன். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி. திரையில் அடிவரிசையில் நம் இருவர் பெயரும் ஒன்றாக இருந்தன. அடிவரிசையிலும் எழுத்து அதே அளவுதான்.

போகிக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை, பாண்டியம்மாள் எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றவில்லை. கரண்டி கையிலேயே இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்களும் மாமாவும் எம் மனசப் பத்தி அம்புட்டு நேரம் பேசுனீக. இருக்கா செத்தாளான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

நான் சோற்றைப் பார்த்தேன்.

"அந்தப் பொம்மையே கேக்குது, தொடருறாரா இல்லையான்னு. அதுக்கு இருக்குற அறிவு ரெண்டு பேருக்கும் இல்ல. அவுக கொரல நான் இன்னும் கேக்கல. கேட்டுட்டு நாஞ் சொல்றேன், இருக்கணுமா போகணுமான்னு."

"வருஷம் திரும்பும் முன்னால் நீ கூடத்துக்கு வந்தால் ஊர்..."

"ஊரு வந்து என்னத்தக் கிழிச்சுச்சு? சாப்புடுங்க."

அதன் பிறகுதான் குழம்பு வந்தது.

தை மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காணும் பொங்கல். இந்த ஆண்டு நம் இரு வீட்டிலும் பொங்கல் வைக்கவில்லை; அது முறைதான், அதை மீறவில்லை. மாலையில் அவள் பழைய பச்சைச் சேலையில் என்னோடு நடந்து வந்தாள். கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் அண்ணன் வாசலை மறித்தார்.

"என்ன பாண்டியம்மா இது? வருசங்கூடத் திரும்பல. நாலு பேரு என்ன பேசுவாய்ங்க?"

"பொங்க வைக்கல மாமா. கரும்பு கடிக்கல. அவுக நாக்காலி காலியாக் கெடக்குன்னாக. ஒக்காந்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

உட்கார்ந்தாள். உங்கள் கருவியைக் கையில் எடுத்து, கறிவேப்பிலை வாங்கும்போது பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் செவப்புதானா?" என்று கேட்டாள். நான் விதிமுறையை விளக்கத் தொடங்கினேன். விளக்கம் பாதியில் இருக்கும்போது பொம்மை திரையில் வந்து "தமிழகத்தில்..." என்றது.

அமுக்கிவிட்டாள்.

"எங்க மச்சான் சொல்லுவாரு!"

நான் விடையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. உங்கள் அண்ணன் ஓரடி முன்னால் வந்தார், நான் சொன்னேன் அல்லவா என்கிற முகத்தோடு.

அவள் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"பாவி மனுசன்! இதே தொண்டைதான்! ஸ்டாண்டுல எவனப் பாத்தாலும், 'வாங்கண்ணே வீட்டுக்கு, எம் பொண்டாட்டி ஆக்கிப் போடுவா'ன்னு இழுத்துட்டு வருவாக. ஒல கொதிக்குதா, அரிசி இருக்கான்னு எங்கிட்டக் கேட்டதே இல்ல. இப்பப் பாருங்க, போயிச் சேந்த பெறகும் எங்கண்ணன ஏலம் விடுறாக!"

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்களில் பாதிப்பேர் அவள் ஆக்கிப்போட்ட சோற்றைச் சாப்பிட்டவர்கள்தானே? "ஆமா, என்னையவும் அப்பிடித்தான் கூட்டிட்டுப் போனாரு. கருவாட்டுக் கொழம்பு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தச் சிரிப்பில் விடை சொல்லும் நேரம் கடந்துவிட்டது. முதல் கேள்வி போயிற்று. போகட்டும்.

அதற்குப் பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. உங்களுக்கு அக்காவாகப் பிறந்திருக்கவேண்டியவள். பொம்மை மூச்சு வாங்கினாலே அமுக்கினாள். "எங்க மச்சான் சொல்லுவாரு! எங்க மச்சான் சொல்லுவாரு!" நான் சொன்னேன், மாப்பிள்ளை. ஆறுகள், அரசர்கள், கோள்கள், தலைநகரங்கள். அடிவரிசையிலிருந்து நம் பெயர் ஒவ்வொரு படியாக ஏறியது. எதிரணியில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசிக் கேள்வி. சமநிலை. பொம்மை "ரஷ்யாவில்..." என்றதும் அவள் அமுக்கினாள். பொம்மை முடித்தது: "ரஷ்யாவில் அக்டோபர் புரட்சி எந்த மாதத்தில் நடந்தது?" விடைகளில் அக்டோபரும் இருந்தது, நவம்பரும் இருந்தது.

தாங்களே சொல்லுங்கள். அங்கே அன்று வழக்கில் இருந்த பழைய நாட்காட்டிப்படி அக்டோபர். இன்று உலகம் பின்பற்றும் நாட்காட்டிப்படி நவம்பர். எதைக் கேட்கிறார்கள் என்று சொல்லவேண்டியது கேட்பவரின் கடமை அல்லவா? நான் எழுந்து நின்று திரையைப் பார்த்து உரக்கக் கேட்டேன். "எந்த நாட்காட்டிப்படி?"

"அண்ணே, அது பொம்மைண்ணே! ஏதாச்சும் ஒண்ண அமுக்கித் தொலைங்க!"

"முடியாது. கேள்வி தவறு."

"நேரம் முடிந்தது!" என்றது பொம்மை.

கோப்பை கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போயிற்று. எனக்கு வருத்தம் இல்லை. தவறான கேள்விக்குச் சரியான விடை சொல்லும் இழிவு எனக்கு வேண்டாம். நாளைக்கே அதே கேள்வி வந்தாலும் அதையேதான் கேட்பேன். பாண்டியம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்களப் போயி இம்புட்டு நம்புனாகளே, அவுகளச் சொல்லணும்."

இனிமேல்தான் முக்கியமான செய்தி.

கோப்பை கொடுத்து முடிந்ததும் உங்கள் அண்ணன் முன்னால் வந்தார். அறிவிப்பு அறிவிப்புதான் என்றார். நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். பாண்டியம்மாள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே எழுந்தாள்.

"எம் மனசு தாங்குமான்னு கேட்டீகல்ல மாமா. தாங்கிருச்சு. அவுக இருக்கட்டும்னு நாஞ் சொல்றேன். அதுக்கு மேல எடுக்கணும்னா நீங்களே எடுங்க." உங்கள் கருவியை அவரிடம் நீட்டினாள்.

"நாந்தான் அமுக்குவேன். எந்தம்பி. வேற எவன் கையும் படக்கூடாது" என்று வாங்கிக்கொண்டார். குரலில் வீம்பு இருந்தது. பாலா திரையில் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தான்.

"இரண்டாம் ஆட்டக்காரர் தொடர்கிறாரா? ஆம். இல்லை."

கீழே நேரம் காட்டும் வட்டம் சுருங்கத் தொடங்கியது. உங்கள் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார். பெருவிரல் "இல்லை" மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. உங்களுக்கு மிதிவண்டி கற்றுக்கொடுத்த கை அது என்று தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கை நடுங்கியது என்று நான் எழுத மாட்டேன், ஏனென்றால் நடுங்கவில்லை. அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வாய் வரை வந்தது. தாங்கள் மெச்சவேண்டும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"நேரம் முடிந்தது! இரண்டாம் ஆட்டக்காரர் தொடர்கிறார்!"

தலைப்பாகைப் பொம்மையின் அந்த வாசகம் என் காதுக்கு இனித்தது இதுவே முதல்முறை.

உங்கள் அண்ணன் கருவியை நாற்காலியில் வைத்தார். போடவில்லை, வைத்தார். "பேட்டரி செத்துருச்சு போல. அமுக்கவே மாட்டேங்குது" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பாலா குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். "சார், நேத்துதான் புது பேட்டரி போட்டேன்."

"தெரியும்" என்றேன். "நீ சும்மா இரு."

மாப்பிள்ளை, அந்த அறிவிப்பு இன்னும் பலகையில் இருக்கிறது. நான் கிழிக்க மாட்டேன். ஒரு ஆவணத்தை அழிப்பது முறையல்ல. அதன் பக்கத்திலேயே இதை ஒட்டுகிறேன். செயலாளர் அடுத்த கூட்டத்தில் மறுபடி தீர்மானம் கொண்டுவரட்டும். மறுபடி கருவியை அவர் கையிலேயே கொடுப்போம். ஒவ்வொரு முறையும் பேட்டரி சாகட்டும்.

செத்தவர் குரலை வைத்து விளையாடலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுவதற்குத்தான் அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? உங்கள் குரல் என்னை அழச் சொல்லவில்லை. எழுந்து நின்று விடை சொல்லச் சொல்கிறது. நான் ஒப்புக்கொள்ளாத ஒரு வேலைக்கு என்னை முன்மொழிந்துவிட்டுத் தாங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். அந்த முன்மொழிவை ரத்து செய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே இது என் உறுதிமொழி. சித்திரையில் அடுத்த போட்டி. பாண்டியம்மாள் உங்கள் நாற்காலியில் இருப்பாள். உங்கள் அண்ணன் வாசலில் நின்று முறைப்பார். தாங்கள் வழக்கம்போல் கேள்வி வருமுன் கத்துங்கள். எந்த நாட்காட்டிப்படி என்று நானும் வழக்கம்போல் கேட்பேன். கேட்டுவிட்டு, மாப்பிள்ளை, கட்டாயம் சொல்லுவேன்.

தை நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை (திங்கள் அல்ல),
திருப்பரங்குன்றம்.

இப்படிக்கு,
தாங்கள் கேட்காமலே மாட்டிவிட்ட,
கேட்டிருந்தாலும் மறுத்திருக்காத
உங்கள் மச்சான்